தெற்கே காட்டும் திசைகாட்டி

எங்கள் புள்ளியியல் துறையில், இரண்டாவது மாடியில், சக ஆசிரியர் ஒருவருக்கும் எனக்கும் ஒரே அறை. நடுவில் ஓர் இரும்பு பீரோ. பீரோவுக்கு அந்தப் பக்கம் அவர் மேசை, இந்தப் பக்கம் என் மேசை. அந்தப் பக்கம் எப்போதும் கூட்டம். இந்தப் பக்கம் காற்று வாங்கும்.

பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வோர் ஆசிரியரும் சில மாணவர்களுக்கு வழிகாட்டி. புதன்கிழமை பிற்பகலில் வகுப்பு கிடையாது. பிள்ளைகள் அந்த நேரத்தில் தங்கள் வழிகாட்டியிடம் வந்து படிப்பு, வேலை, வீட்டுக் கவலை என்று எதை வேண்டுமானாலும் பேசலாம். எனக்கென்று ஒதுக்கிய பிள்ளைகளும் வருவார்கள். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிப்பார்கள். பிறகு பீரோவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அப்படி என்னதான் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் சொல்வது எல்லாமே தப்பு.

சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அவருடைய ஆலோசனை இதுவரை ஒருவருக்கும் பலித்ததில்லை. வங்கித் தேர்வு எழுதலாமா என்று கேட்டவனிடம், "உனக்கு அதெல்லாம் ஒத்துவராதுப்பா, நேரத்தை வீணாக்காதே" என்றார். அவன் எழுதினான், முதல் தடவையிலேயே தேறினான், இன்று ஒரு பெரிய வங்கிக் கிளைக்கு மேலாளர். காதலிக்கிற பெண்ணைப் பற்றிக் கேட்டவனிடம், "ரெண்டு பேருக்கும் ஒரு வருஷம்கூட ஓடாது" என்றார். அவர்களுடைய கல்யாணப் புகைப்படத்தில் இவர் நடுவில் நிற்கிறார், குழந்தைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் இவருக்கு அழைப்பு வருகிறது.

வகுப்பில் மனிதர் புலி. கரும்பலகையில் ஒரு கணக்கை ஆரம்பித்தால் கடைசி வரி வரை பிசகமாட்டார். புத்தகத்தை மூடிவிட்டு வாழ்க்கைப் பக்கம் திரும்பினால்தான் கோளாறு. அமைதியான தெருவாக வேண்டும் என்று நாயாக அலைந்து ஒரு வீடு வாங்கினார். குடிபோன கையோடு எதிர்வீட்டுக் காலியிடத்தில் லாரி பட்டறை வந்தது. குடை கொண்டுவந்தால் வெயில் கொளுத்தும். அவர் குடையில்லாமல் வரும் நாளில் நான் என் வண்டியை நனையாத இடமாகப் பார்த்து நிறுத்துவேன்.

அவர் மனைவி மருந்துக்கடை நடத்துகிறார், எனக்கு நல்ல சிநேகிதி. ஒருமுறை ஜன்னல் திரை வாங்க மூவரும் போயிருந்தோம். "இதுல எதுங்க நல்லா இருக்கு?" என்று அவரைக் கேட்டார். அவர் தாடையைத் தடவி, துணியைத் தொட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நீலம்" என்றார். "சரிங்க" என்ற மனைவி, கடைக்காரர் பக்கம் திரும்பி, "அந்தப் பச்சையைக் கட்டுங்க" என்றார். வீட்டில் மாட்டிய பிறகு அந்தப் பச்சையைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் அவர். யாரும் மறுத்துப் பேசவில்லை.

பிள்ளைகளும் இதையேதான் செய்தார்கள். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே புதியவர்களுக்குச் சீனியர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எந்தக் குழாயில் வெந்நீர் வரும், எந்த வார்டன் கத்தினாலும் ஒன்றும் செய்யமாட்டார், எந்த சாரிடம் போய்க் கேட்டுவிட்டு நேர்மாறாகச் செய்யவேண்டும். அவருக்கு வைத்த பெயர் திசைகாட்டி. தெற்கைக் காட்டினால் என்ன, எப்போதும் தெற்கையே காட்டினால் போதுமே, வடக்கு எது என்று தெரிந்துவிடுமே என்பது அவர்கள் வாதம். புள்ளியியல்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்போதும் தப்பாகச் சொல்கிறவர் எப்போதும் சரியாகச் சொல்கிறவருக்குச் சமம். பாதி சரி, பாதி தப்பு என்று சொல்கிற ஆளை வைத்துக்கொண்டுதான் ஒன்றும் செய்யமுடியாது. துறையில் அந்த ஆள் நான்.

ஒருநாள் கடைசி வருடப் பெண் ஒருத்தியை மடக்கிக் கேட்டேன். "எப்படியும் அவர் சொல்றதைச் செய்யப் போறதில்ல. காசைச் சுண்டிப் பாத்துக்க வேண்டியதுதானே? அங்க போய் உக்காந்து எதுக்கு இவ்வளவு கதை?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "காசு நம்ம கதையைக் கேக்காதே மேடம். மத்தவங்ககிட்ட போனா நாம வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே பதில் ரெடியா இருக்கும். சார் முழுசாக் கேப்பாரு. நமக்காக உக்காந்து, கஷ்டப்பட்டு, தப்பா யோசிப்பாரு."

அது உண்மைதான். ஒரு பிள்ளை பேச ஆரம்பித்தால் அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்து, நடைபாதையில் மறித்து, "அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னியே, கட்டுப் பிரிச்சாச்சா?" என்று கேட்பார். பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து போகிற பிள்ளைகள் வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் போவார்கள். போய், அவர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். எல்லோரும் நன்றாக இருந்தார்கள். இந்த ஏற்பாடு அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

அதைப் போட்டு உடைத்தவன் அந்த வங்கி மேலாளர். பழைய மாணவர் கூட்டத்துக்கு வந்தவனைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் சிலருக்கு மூளை நின்றுவிடும். "நான் இன்னைக்கு இந்த நிலைமையில இருக்கேன்னா அதுக்கு எங்க சார்தான் காரணம். அவர் சொன்னதை நான் ஒருநாளும் கேட்டதில்ல!" என்றான். அரங்கமே சிரித்தது. ஒருவன் எழுந்து, "நானும்!" என்று கத்தினான். பின்னால் இன்னும் பல கைகள் உயர்ந்தன. சாரும் சிரித்தார், கையும் தட்டினார். தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பீரோவைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். அவர் அப்படி வருவது வழக்கமில்லை.

"மேடம், நேத்து அவன் சொன்னது நிஜமா?"

"ஆமா சார்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"வாட்ச்மேன்கூட அவர் பையனை எங்க சேக்கலாம்னு உங்ககிட்டதான் கேட்டாரு."

"ஆமா, கேட்டாரு. சேத்தாரா?"

"வேற இடத்துல சேத்தாரு. பையன் நல்லாப் படிக்கிறான்."

"வீட்லயும் கேட்டேன் மேடம். இப்பதான் தெரியுதான்னு சிரிக்கிறா" என்றார். எனக்கு அந்த வங்கி மேலாளரைப் பிடித்து நான்கு சாத்து சாத்தவேண்டும் போல இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு சாதாரண மனிதர் வழிகாட்டுவதை நிறுத்திவிடுவார். இவர் புள்ளியியல்காரர். சில நாள் கழித்து ஒரு முடிவோடு வந்தார். பிள்ளைகள் எப்படியும் நேர்மாறாகத்தான் செய்யப்போகிறார்கள். ஆகவே இனிமேல் தான் சரி என்று நினைப்பதற்கு நேர்மாறானதைச் சொல்லிவிட்டால் போதும். அவர்கள் அதைத் திருப்பிப் போட்டுச் சரியானதைச் செய்துவிடுவார்கள்.

"சார், இதுல ஒரு ஓட்டை இருக்கு" என்றேன். "நீங்க நினைக்கிறதுதானே தப்பாப் போகுது? நீங்க ஒரு தடவை திருப்பி, அவங்க ஒரு தடவை திருப்பினா, கடைசியில நீங்க நினைச்சதுதானே நடக்கும்? அது தப்பாத்தானே போகும்?"

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க மேடம்" என்றார். அவர் முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருந்தது. மேலும் கிளறவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் நடுவில் ஒரு பெண் சேர்ந்தாள். வேறு கல்லூரியில் பாடப்பிரிவை மூடிவிட்டதால் இங்கே மாற்றி அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் எல்லோரும் ஜோடி ஜோடியாக, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து முடித்திருந்தார்கள். இவள் கடைசி பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு, இப்போதே எழுந்து போகப் போகிறவள் போல உட்கார்ந்திருப்பாள். அப்பா, அம்மா இல்லை. அக்கா வீட்டில் வளர்ந்தவள். அக்காவின் வீட்டுக்காரர் பார்சல் கம்பெனியில் இருக்கிறார். இங்கே வந்த கையோடு எழுதிய முதல் பருவத் தேர்வில் இவள் பாதிப் பாடங்களில் கோட்டை விட்டதும், "படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறே, இங்க கவுண்டர்ல உக்கார ஆள் வேணும், உடனே கிளம்பி வா" என்று சொல்லிவிட்டார்.

ஒரு புதன்கிழமை அவள் தனக்கு ஒதுக்கிய வழிகாட்டியான சாரிடம் வந்திருக்கிறாள். நான் அன்று தேர்வுக்கூட மேற்பார்வையில் இருந்தேன். வியாழக்கிழமை காலையில் டீ குடிக்கும்போது அவரே சொன்னார், அதுவும் பெருமையாக.

"நேத்து ஒரு பொண்ணு வந்துச்சு மேடம். படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போகவான்னு கேட்டுச்சு. நல்ல மூளை. கணக்கை எங்க ஆரம்பிக்கணும்னு அதுக்குத் தெரியுது, அங்க இருந்து யாராவது ரெண்டு அடி கூட வந்தாப் போதும். அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கணும்."

"என்ன சொன்னீங்க?"

"விட்டுட்டுப் போயிடும்மா, படிப்பு உனக்குச் சரிப்படாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்." டீயை ரசித்து ஒரு வாய் குடித்தார். "கண்டிப்பா இருந்துடும்."

"எந்தப் பொண்ணு சார்?"

"கடைசி பெஞ்சு. நடுவுல வந்து சேந்துச்சே."

"சார், அவ வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது. யார்கூடயும் பேசமாட்டா. உங்களைப் பத்தி அவளுக்கு யார் சொல்லியிருப்பா?"

டீக் கோப்பையை மேசைமேல் வைத்தார். மேசை விளிம்பில் வைத்தார். அது கீழே விழுந்து உடைந்தது, இருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

போன் போட்டோம், அணைத்து வைத்திருந்தாள். ஹாஸ்டலுக்கு ஓடினோம். "காலையிலயே பெட்டியோட கிளம்பிட்டா, பஸ் பிடிக்கணும்னு சொன்னா" என்றார் வார்டன். என் ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் பின்னால் ஏறிக்கொண்டு என் தோள்பட்டையைப் பிய்த்துவிடுவது போலப் பிடித்துக்கொண்டார். நகரத்தில் இரண்டு பேருந்து நிலையங்கள், பழையது ஒன்று, புதியது ஒன்று. நாற்சந்தியில் வண்டியை மெதுவாக்கி, "எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டேன்.

"வலது பக்கம் போங்க. அவ ஊர் பஸ் எல்லாம் புது ஸ்டாண்டுலதான்."

நான் இடது பக்கம் திருப்பினேன். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து, "அதுவும் சரிதான்" என்று குரல் வந்தது.

பழைய பேருந்து நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பெட்டி காலடியில். சார் ஏறிப் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் விளக்கினார். வங்கி மேலாளர், வாட்ச்மேன் மகன், திசைகாட்டி, தான் திருப்பிச் சொல்ல ஆரம்பித்த விஷயம் என்று வகுப்பு எடுப்பது போல வரிசையாகச் சொன்னார். முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி உட்கார்ந்து கேட்டார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். "அப்போ நேத்து நீங்க சொன்னது பொய்யா சார்?"

"பொய் இல்லம்மா. தலைகீழ்."

"எல்லாரும் போ போன்னுதான் சார் சொன்னாங்க. நீங்க ஒருத்தராவது இருன்னு சொல்வீங்கன்னு நினைச்சுதான் வந்தேன். நீங்களும் போன்னு சொன்னப்புறம் நான் வேற யார்கிட்டயும் கேக்கல." அழவில்லை. பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் முகம் வெளுத்துப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இரும்மா. நீ இங்க இருக்கணும்னுதான் நான் நினைக்கிறேன். எனக்கு அதுதான் ஆசை."

"நீங்க நினைக்கிறது எல்லாம் தப்பாத்தான் போகும்னு இப்போதானே சார் சொன்னீங்க?"

நான் அறையில் உட்கார்ந்து சொன்ன அதே ஓட்டை. கடைசி பெஞ்சிலிருந்து வந்தவள் ஓடப்போகிற பேருந்தில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்துவிட்டாள். இவளையா பார்சல் கவுண்டரில் உட்காரவைக்கப் போகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஓட்டுநர் ஏறி இஞ்சினைக் கிளப்பினார். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "ஏறுறீங்களா, இறங்குறீங்களா?" என்றார்.

"சார்" என்றாள் அவள். இப்போது அவரை நேராகப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் இருந்து படிச்சா, தேறுவேனா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். போட்டுக்கொண்டார். ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் எப்படி யோசிப்பாரோ அப்படி, தாடையைத் தடவி, முழுசாக யோசித்தார். கண்டக்டர்கூடக் காத்திருந்தார்.

"மாட்டேம்மா" என்றார். "தேறவே மாட்டே."

"நிஜமாவா நினைக்கிறீங்க?"

"நிஜமா. துளிகூடச் சந்தேகம் இல்ல. ஒரு பேப்பர்கூடத் தேற மாட்டே."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அவளுக்குப் பல்வரிசை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குனிந்து பெட்டியைத் தூக்கினாள். முன் இருக்கைப் பெரியவர் விஷயம் புரிந்தவராக, "வழி விடுங்கப்பா, பொண்ணு இறங்குது" என்று சத்தம் போட்டார். நான் அழுதேன். கைக்குட்டையெல்லாம் தேடவில்லை, அந்தப் பேருந்து நிலையத்தில் நின்று நன்றாகவே அழுதேன்.

அக்காவின் வீட்டுக்காரர் போனில் கத்தினார். சார் வாங்கிப் பேசினார். "நீங்க சொல்றதுதாங்க சரி, படிப்பெல்லாம் அந்தப் பொண்ணுக்கு ஏறாது" என்றார். எதிர்முனையில் இருந்தவர் சண்டைக்குத் தயாராக வந்தவர், சண்டை கிடைக்காமல் குழம்பிப் போய், "அப்படியொண்ணும் மக்குப் பொண்ணு இல்ல சார் அது" என்று பேச ஆரம்பித்தார். கடைசியில் ஒரு வருடம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு புதன்கிழமை பிற்பகல்களில் அவள் பீரோவுக்கு அந்தப் பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். சார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவள் ஆரம்பிப்பாள், திணறுவாள், அவர் ஒரு வரி சொல்வார், அவள் மேலே போவாள். மற்ற பிள்ளைகள் வழக்கம் போல வந்து தங்கள் கதைகளைச் சொல்ல, இவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். மெல்ல மெல்ல அவர்களோடு பேச ஆரம்பித்தாள். கடைசி பெஞ்சிலிருந்து நடு பெஞ்சுக்கு வந்தாள். நிகழ்தகவில் ஒரு சந்தேகம் என்று ஒருநாள் என் பக்கமும் வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் ஒட்டடை அடிக்கவேண்டியிருந்தது.

ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் வாசலில் வந்து நிற்பாள். "சார்?" அவர் தலையை நிமிர்த்தாமல், "தேற மாட்டே" என்பார். "சரி சார்" என்று போய்விடுவாள். இரண்டாம் வருடம் ஒரு தாளில் மட்டும் தவறிவிட்டாள். அன்று சார் காய்ச்சலில் விடுப்பில் இருந்தார். புள்ளியியல் படித்தவள் என்பதால் நான் அந்த இரண்டையும் முடிச்சுப் போடமாட்டேன். ஹாஸ்டலில் போட்டுவிட்டார்கள். அடுத்த தடவை சாருக்கு ஜுரம் வந்தபோது மருந்துக்கடை அம்மாவைவிட அதிகமாகப் பிள்ளைகள்தான் கவலைப்பட்டார்கள்.

தேறினாள். நல்ல மதிப்பெண். வானிலை ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்து, கிளம்புகிற அன்று சொல்லிவிட்டுப் போக வந்தாள். சார் எழுந்து நின்றார்.

"இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார். "போன் கீன் பண்ணிக்கிட்டு இருக்காதே. எங்களையெல்லாம் மறந்துடு."

"சரி சார்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

படிக்கட்டில் அவள் காலடிச் சத்தம் அடங்கிய பிறகு நான் பீரோவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். இத்தனை நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "சார், அன்னைக்கு பஸ்ல தேற மாட்டேன்னு சொன்னீங்களே, நிஜமாவே அப்படித்தான் நினைச்சீங்களா?"

"சேச்சே." கையிலிருந்த பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "முதல் நாள் பேசினப்பவே எனக்குத் தெரியும் மேடம், அந்தப் பொண்ணு தேறிடும்னு. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் நினைச்சேன். வாயால சொல்லத்தான் பயம்."

"அப்போ நீங்க நினைச்சது சரியாப் போச்சே சார்!"

அவர் திடுக்கிட்டார். கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. அப்புறம் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதீங்க மேடம். பசங்க பாவம், அப்புறம் யாரை நம்பி வருவாங்க?"

சொல்லமாட்டேன் என்றேன். அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். முதலாமாண்டுப் பையன் ஒருவன், கையைப் பிசைந்துகொண்டு, என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். சார் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.